செருப்புக் காவல்

பஸ் நாஸில்லி ஊரைத் தாண்டி அத்தித் தோப்புகளுக்குள் நுழைந்ததும் நெசாஹத் மடியிலிருந்த பையை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். மேலே துண்டு. அதன் கீழே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட போரெக் டப்பா. அதற்கும் கீழே தேநீர் பிளாஸ்க். எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்த கருநீல நீச்சல் உடை. கணுக்கால்வரை மூடுகிற உடைதான், தலைக்கும் சேர்த்துத் தைத்தது, மானம் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அது அங்கே இருப்பது தெரிந்தால், முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார் முஸெய்யன் பஸ்ஸையே திருப்பச் சொன்னாலும் சொல்லுவாள்.

முஸெய்யன் சொன்னால் நடக்கும். நெசாஹத்தின் கணவன் ஹில்மிக்கு அவள் அக்கா. அந்தக் குடும்பத்தில் கல்யாணத் தேதியிலிருந்து ஊறுகாய்க்கு உப்பு வரைக்கும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். இந்த ஒருநாள் சுற்றுலாவும் அவள் ஏற்பாடுதான். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லோரையும் திரட்டி, ஒரு சின்ன பஸ்ஸும் ஒரு வழிகாட்டியும் பேசி முடித்துவிட்டுத்தான் தம்பியிடம் சொன்னாள். பமுக்கலேயின் சுண்ணாம்பு படிந்த வெள்ளைச் சரிவு, அதன் மேலே இடிந்து கிடக்கும் பழைய நகரம், அந்த நகரத்து நடுவில் வெந்நீர் ஊற்றுக் குளம். குளம் என்று கேட்டதுமே நெசாஹத்தின் காது கூர்மையானது. பாத்திரம் தேய்ப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டாள்.

தண்ணீர் அவளுக்கு எப்போதும் தூரத்துப் பொருளாகவே இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் குடும்பம் திதிம் கடற்கரைக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். எல்லோரும் தண்ணீருக்குள் ஓடுவார்கள். குடைக்கு அடியில் நெசாஹத் இருப்பாள், அவளைச் சுற்றிப் பைகள், கைக்கடிகாரங்கள், மூக்குக் கண்ணாடிகள், முஸெய்யனின் வளையல்கள். "நெசாஹத் இருக்கா, வெச்சிட்டு வா" என்பது அந்தக் குடும்பத்தில் அலமாரியைப் பூட்டிவிட்டு வா என்பதற்குச் சமம். யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. வரும்போது சோளக்கதிர்கூட வாங்கி வருவார்கள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை ஒருவர்கூட 'நீயும் வாயேன்' என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கே அது நெடுநாள் உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

கடலில் ராஜா ஹில்மிதான். பட்டாளத்தில் இருந்தபோது எயிர்திர் ஏரியைக் குறுக்கே நீந்திக் கடந்த கதையை ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

போன குளிர்காலத்தில் நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினார்கள். தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நெசாஹத் அங்கே போனாள். முதல் நாள் படியின் கைப்பிடியை விடவில்லை. பிறகு விட்டாள். பிறகு மிதந்தாள். சொல்லிக் கொடுத்த பெண் சின்ன வயதுக்காரி, பொறுமைசாலி. "தண்ணிகிட்ட சண்டை போடாதீங்கம்மா, அது உங்கள ஒண்ணும் பண்ணாது" என்பாள். ஈர உடை கொதிகலனுக்குப் பின்னால் ரகசியமாகக் காய்ந்தது. சில மாதங்கள் போனதும் முஸெய்யன் கேட்காமல் விடவில்லை.

"இவ்ளோ நாளா தையல் கத்துக்கறே, ஒரு தலையணை உறையக்கூடக் கண்ணுல காட்டலியே?"

நெசாஹத் சந்தையில் ஒரு தலையணை உறை வாங்கி வந்து காட்டினாள். முஸெய்யன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரம் கோணலா போயிருக்கு. கை இன்னும் பழகல உனக்கு" என்றாள்.

நீந்தக் கற்றதில் நெசாஹத்துக்கு இன்னொன்றும் தெரிய வந்தது. நீந்துகிறவரின் தோள் ஏறி இறங்கும். ஹில்மியின் தலையோ கடலில் தட்டில் வைத்த பூசணிக்காய்போல ஆடாமல் அசையாமல் நகரும், கைகள் மட்டும் வீசி வீசி அடிக்கும். முப்பது கோடையாகப் பார்த்த காட்சியின் அர்த்தம் ஒரு நாள் குளத்து நடுவில் அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. மனுஷர் தரையில் கால் ஊன்றி நடந்துகொண்டிருந்திருக்கிறார்! அன்று அவள் வாய்க்குள் தண்ணீர் போகும்வரை சிரித்தாள். வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் அவளும் கால் எட்டாத பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆழத்தைப் பிரிக்கும் கயிற்றைத் தொட்டதும் பயந்து திரும்பிவிடுவாள். அடுத்த மாதம் மறுபடியும் திதிம், மறுபடியும் குடை, மறுபடியும் பைகள். அதற்குள் ஒருமுறை, ஆழமான தண்ணீரில், தன் கையையும் காலையும் நம்பி. இன்று அது நடக்காவிட்டால் அந்த உடையைச் சந்தையிலேயே விற்றுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வழிகாட்டி இல்கெர் ஒல்லியான இளைஞன், சிவப்புக் குடை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். பேசிப் பேசிக் குரல் கம்மிப் போயிருந்தது.

"கீழ் வாசல்ல இறங்கி வெள்ளைச் சரிவு மேல நடந்து போறோம். செருப்பு போட்டு நடக்க விடமாட்டாங்க, கல்லு பாழாயிடும். கழட்டி அவங்கவங்க பையில போட்டு கையோட கொண்டு வாங்க. திரும்ப இந்தப் பக்கம் வரமாட்டோம். பஸ் சுத்திக்கிட்டு மேல் வாசலுக்குப் போயிடும். கேட்டுச்சா?"

கேட்டிருக்காது. அந்த நேரம் பார்த்து முஸெய்யன், நெசாஹத்திடம் கேட்டு வாங்கிய போரெக் டப்பாவைத் திறந்திருந்தாள். ஒரு கை பின்னால் போக, இன்னொரு கை முன்னால் வர, பஸ் முழுக்க வாய்கள் மென்றுகொண்டிருந்தன. "சாப்பிடு தம்பி, தொண்டை காஞ்சு போயிருக்கு பாரு" என்று வழிகாட்டியின் வாயையும் ஒரு துண்டால் அடைத்துவிட்டாள்.

கீழ் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். மலை முழுக்கத் தயிர் ஊற்றியதுபோல் வெள்ளை, அதில் படிப்படியாகத் தேங்கிய நீலத் தண்ணீர். காவலாளி ஒருவன் செருப்போடு ஏறிய யாரையோ பார்த்து விசில் ஊதிக்கொண்டிருந்தான். நெசாஹத்தும் குனிந்து வலது செருப்பின் வாரைத் தளர்த்தினாள்.

"நீ எங்கே கிளம்பிட்டே?" என்றாள் முஸெய்யன். "போன வருஷம் சந்தையில மயங்கி விழுந்தவதானே நீ? பேசாம பஸ்ல மேல வா. இந்தா, செருப்பெல்லாம் நெசாஹத்துகிட்ட குடுங்க. கையில சுமந்துக்கிட்டா ஏறுவாங்க?"

இல்கெர் வாயைத் திறந்தான். அதற்குள் மூட்டை ரெடி. யாரோ ஒரு பெரிய சந்தைப் பையை நீட்ட, ஷூ, சாண்டல், பேரப்பிள்ளைகளின் ரப்பர் செருப்பு, முஸெய்யனின் தங்கக் கொக்கி வைத்த சாண்டல் எல்லாம் அதில் விழுந்தன. கடைசியாக ஹில்மி தன்னுடையதைப் போட்டார். "பாத்துக்க" என்றார், கடற்கரையில் சொல்லும் அதே குரலில். அவர்கள் சிரித்துக் கத்திக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். நெசாஹத்துக்குக் கண் எரிந்தது. இங்கேயும் இதுதானா என்று இருந்தது.

டிரைவர் ஜெவ்தெத் பஸ்ஸை மலையைச் சுற்றி ஏற்றிக்கொண்டே கண்ணாடியில் மூட்டையைப் பார்த்தான்.

"எல்லார் செருப்பும் உங்ககிட்டயாம்மா இருக்கு? மேல தார் ரோடு, கல் பாவின பாதை. இந்த வெயில்ல அடுப்பு மாதிரி சுடுமே. ஏன், யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க தம்பி. போரெக் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம்."

அவன் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான். "அப்போ மெதுவாத்தான் வருவாங்க. தண்ணியப் பாத்தா போட்டோ எடுக்காம யாரு நகருவா? உங்களுக்கு நேரம் நிறைய இருக்கு."

நேரம் நிறைய இருக்கு. மேல் வாசலில் இறங்கி, மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவின் விளிம்புக்குத்தான் அவள் முதலில் போனாள், பழக்கம் அப்படி. வெகு கீழே முஸெய்யனின் ஊதாத் தலைத்துணி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. யாரோ யாரையோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நெசாஹத் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து திரும்பினால் அரளிப் புதர்கள், அதற்குள்ளிருந்து தண்ணீரில் யாரோ குதித்துச் சிரிக்கிற சத்தம். தன்னிடம் பை இருக்கிறது. உடை இருக்கிறது. தடுப்பதற்கு ஆளில்லை. காலில் செருப்பு இருக்கிற ஒரே ஆள் தான்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒரு சுற்று, அவர்கள் வருவதற்குள் ஏறிவிடலாம் என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

குளத்தில் இறங்க டிக்கெட் வாங்கினாள். உடை மாற்றும் அறையின் பெட்டிக்குள் பையைத் திணித்தாள், செருப்பு மூட்டையைத் திணித்தாள். தங்கக் கொக்கி சாண்டல் மட்டும் உள்ளே போவேனா என்று அடம் பிடித்தது, சொந்தக்காரியின் குணம். முழங்காலால் ஓர் உதை கொடுத்துக் கதவைச் சாத்திப் பூட்டினாள். ரப்பர் வளையத்தில் கோத்திருந்த சாவியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

குளம் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடிபோல் இருந்தது. என்றோ ஒரு நிலநடுக்கத்தில் சாய்ந்த பளிங்குத் தூண்கள் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. இறங்கினாள். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது, சோடா மாதிரி நுரைத்துக் குமிழிகள் கை மயிரில் ஒட்டிக்கொண்டன. ஆண்களும் இருந்தார்கள், வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்ப்பார்கள் என்று இத்தனை காலம் பயந்தது எவ்வளவு வீண் என்று தோன்றியது. கால் எட்டும் பக்கத்தில் கொஞ்சம் நீந்தினாள். தரை சரிந்தது. காலை நீட்டினாள், ஒன்றும் இல்லை.

தூண்கள் திடீரென்று வெகு கீழே போய்விட்டன. கைகள் தாறுமாறாக அடித்தன, ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனது, இரும்பு ருசி. இந்த வயதில் இது உனக்குத் தேவையா என்று தலைக்குள் முஸெய்யனின் குரல் கேட்டது. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சண்டை போடாதீங்கம்மா. நெசாஹத் சண்டையை நிறுத்தினாள். முகத்தை வானத்துக்குத் திருப்பி, கைகளை விரித்து, தன்னைத் தண்ணீரிடம் கொடுத்தாள். தண்ணீர் வாங்கிக்கொண்டது. மூச்சு திரும்பியது. காதுக்குள் குமிழிகள் வெடித்தன. பிறகு மெல்லக் குப்புறத் திரும்பி, கண்ணைத் திறந்தபடி, ஆழத்தில் கிடந்த அந்தத் தூணின் நீளம் முழுக்க, அதன் பாவாடை மடிப்புகள் போன்ற வரிகள் முழுக்க, நீந்திக் கடந்தாள். எதிர்க்கரைக் கல்லைத் தொட்டபோது சந்தோஷத்தில் அழுதாள். தண்ணீரில் அழுவதில் ஒரு வசதி உண்டு, யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு சுற்று என்று வந்தவள் திரும்பி மறுபடியும் போனாள். அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டாள்.

"அய்யோ, அம்மா, சுடுதே! எங்கே போய்த் தொலைஞ்சா இவ?"

அரளிப் புதருக்கு அந்தப் பக்கம் முஸெய்யனின் குரல். அடுத்த நொடி குடும்பமே தெரிந்தது. கொதிக்கிற கல்லில் ஒற்றைக் காலும் இரட்டைக் காலுமாகத் துள்ளிக்கொண்டு, நிழல் கண்ட இடத்துக்கெல்லாம் ஓடிக்கொண்டு, பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் சிவப்புக் குடையோடு இல்கெர், "நான்தான் பஸ்லயே சொன்னேனே" என்று யாரிடமென்று இல்லாமல் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் காலில் ஷூ இருந்தது.

ஹில்மிதான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு, சூட்டையும் மறந்து நின்றுவிட்டார். "அக்கா," என்றார், "அங்க பாரு."

"நெசாஹத்தா? தண்ணியிலயா? யா அல்லாஹ், விழுந்துட்டாளா? யாராவது ஓடுங்களேன்!"

"விழலக்கா. நீந்தறா."

முஸெய்யனின் வாய் திறந்தபடி இருந்தது. அந்த வாயிலிருந்து ஒன்றும் வராததை நெசாஹத் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். அதுவும் நடுக்குளத்திலிருந்து. உச்சி குளிர்ந்துபோனது.

ஆனால் அது நீடிக்கவில்லை. "எங்கேடி கத்துக்கிட்டே இதை?"

"தையல் வகுப்புல, அண்ணி!"

மருமகள்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பேரன் கைதட்டினான். குளக்கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த யாரோ சிலரும் விஷயம் தெரியாமலே கைதட்டினார்கள்.

"சரி சரி, ஏறி வா. செருப்பு எங்கே? கால் வெந்து போச்சு எல்லாருக்கும்!"

நெசாஹத் கையைத் தூக்கினாள். மணிக்கட்டில் சாவி பளபளத்தது. "பத்திரமா இருக்கு, பூட்டி வெச்சிருக்கேன்" என்றாள். அது உண்மைதான். அவளிடம் கொடுத்த எதுவும் இதுவரை தொலைந்ததில்லை.

மெல்ல நீந்தி, ஹில்மி நிற்கும் இடத்துக்கு வந்து விளிம்பைப் பிடித்தாள். அவர் குந்தி உட்கார்ந்தார். பாதங்கள் சிவந்திருந்தன. திட்டப் போகிறாரா, சிரிக்கப் போகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நல்லாத்தான் நீந்தறே" என்றார் கடைசியில்.

"நீங்களும் வாங்களேன்." குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "இந்தப் பக்கம் கால் எட்டும்."

ஹில்மி தண்ணீரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காதுமடல் மெல்லச் சிவந்தது. பிறகு, பட்டாளத்தையும் எயிர்திர் ஏரியையும் எங்கோ இறக்கி வைத்துவிட்டவர்போல, ஒரு சின்னச் சிரிப்பு. "எவ்ளோ நாளாத் தெரியும்?" என்றார்.

"குளிர்காலத்துலேர்ந்து."

"நெசாஹத்! சாவி!" என்று பின்னாலிருந்து முஸெய்யன் கத்தினாள். அரளி நிழலில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். சுட்ட கால்களைப் பிடித்துக்கொள்ள எல்லோருக்கும் கை வேண்டியிருந்ததால், போன்கள், கேமரா, தொப்பிகள், பைகள் எல்லாம் அவள் மடியில் குவிந்திருந்தன. நகர முடியவில்லை.

"இதோ வந்துட்டேன் அண்ணி," என்றாள் நெசாஹத். "நீங்க அதெல்லாம் கொஞ்சம் பாத்துக்குங்க. இன்னும் ஒரு சுற்று."

கரையைக் காலால் உந்தினாள். விழுந்து கிடந்த தூண்களின் மேல் அவள் நிழல் கைகளை விரித்துக்கொண்டு போனது. மணிக்கட்டில் சாவி தண்ணீருக்குள் போவதும் வெயிலில் மின்னுவதுமாக, கால் எட்டாத பக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.