திறந்தது, திறந்திருந்தது

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் உதித்ததில்லை, காதில் விழுந்தது. நாடாளுமன்றக் குழுக்களின் விசாரணைகளில் ஓரமாக உட்கார்ந்து, பேசுகிறவர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் சொன்னதை மட்டுமே எழுதிப் பழகிய கை. சொந்தமாக ஒரு வரி எழுத உட்கார்ந்தால், யாராவது பேசட்டும் என்று அது பாட்டுக்குக் காத்திருக்கிறது.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அன்று காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழு அறையின் ஜன்னல் கண்ணாடியில்... (கொட்டவில்லை. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

கடன் என்பது மனித குலம் தோன்றிய நாள் முதலாய்... (இதைப் படித்த என் வீட்டுக்காரர், "யாருக்குப் பாடம் எடுக்கற?" என்று கேட்டார். அடித்துவிட்டேன்.)

ஒரு பெண்ணின் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். (இது நிற்கிறது.)

2.

அந்தப் பெண் வீட்டிலேயே கேக் செய்து கடைகளுக்குப் போடுகிறவர். கேக்கம்மா என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய கடனுக்குத் தவணை நின்றுபோனது. நீதிமன்ற உத்தரவோடு வசூல் நிறுவனத்தின் ஆள் வீட்டுக்குப் போனார். அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் கேக்கம்மா குழுவின் முன்னால் வந்திருந்தார்.

"அவனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க ஐயா. அவன் இல்லாம நான் எப்படிப் பொழைக்கிறது?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா அவன்? உங்க வீட்டுக்காரரா?"

"அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சுங்க. இது கேக் சுடுற அவன்."

அறையே சிரித்தது. நான் விதிப்படி அடைப்புக்குறிக்குள் (சிரிப்பு) என்று போட்டேன். கேக்கம்மா சிரிக்கவில்லை. அதைப் போடுவதற்கு விதி இல்லை.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இனி என் வாக்கியங்களில் 'அவன்' என்று வந்தால் அது அடுப்பு. ஆண்கள் எல்லோரும் 'அவர்'.]

3.

கொஞ்சம் சட்டம் சொல்ல வேண்டியிருக்கிறது. கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் கேட்டேன்.

வசூலுக்குப் போகிறவர் கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம். பொய் சொல்லித் திறக்க வைத்தால் அது செல்லாது. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

சம்பவத்தன்று கேக்கம்மா சரக்குப் போடப் போயிருந்தார். வீட்டில் அவருடைய அப்பா மட்டும். அவருக்கு மறதி. யார் வந்தாலும் திறக்காதீங்கப்பா என்று சொல்லிவிட்டுப் போவது மகளின் வழக்கம். அப்பா சொல்வது இது: "பையன் வந்தான்மா. அப்பா, நான்தான்னு கூப்பிட்டான். தெறந்தேன். அடுப்பைச் சரி பண்ணிக் கொண்டுவரேன்னு எடுத்துட்டுப் போனான்." பையன் வெளிநாடு போய் ஆறு வருடம். தினமும் சாயங்காலம், "இன்னும் கொண்டுவரலையா அவன்?" என்று கேட்கிறாராம்.

(இங்கே அவன் என்பது மகன். என் விதியை நானே காப்பாற்ற முடியவில்லை.)

மறதிக்காரர் சொன்னதைச் சாட்சியமாக எடுக்க மாட்டார்கள். அன்று அங்கே இருந்த மற்றவர் ஒருவர்தான், வசூலுக்குப் போனவர். கதவைப் பற்றி அவர் வாயிலிருந்து என்ன சொல் வருகிறதோ, அதை நம்பித்தான் கேக்கம்மாவின் அவன் இருந்தது.

4.

வசூல் நிறுவனங்கள் ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. கடனாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்புகளோடு சேர்ந்து ஒரு கண்காணிப்பு வாரியம் அமைத்திருப்பதாகச் சொல்ல, சங்கத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் 'ஒத்துழைப்பு' என்று முப்பத்தோரு முறை சொன்னார். ஐந்தாவது முறைக்கு அப்புறம் அதற்கென்று ஒரு சுழி கண்டுபிடித்துக்கொண்டேன்.

"வாரியத்துக்குச் சம்பளம் யார் கொடுக்கறது?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"நாங்கதாங்க. அதுவும் ஒத்துழைப்புதானே?"

"உங்க ஆளுங்க சட்டையில கேமரா மாட்டியிருப்பாங்களே, அன்னைக்கு எடுத்த படம் எங்கே?"

"அன்னைக்கு மட்டும் கேமரா சார்ஜில இருந்துச்சுங்க."

முதல் பிரதியில் இவரை ஒரு வில்லனாக எழுதினேன், தங்கப் பேனா, நமட்டுச் சிரிப்பு எல்லாம் கொடுத்து. பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. இடைவேளையில் தன் பிஸ்கட்டில் பாதியை எனக்குக் கொடுத்தவர் அவர். முதுகு வலிக்குத் தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். சிரிப்பு மட்டும் உண்மை.

5.

வசூல்காரர் சாட்சி சொன்னது மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. நிறுவனம் முன்பே எழுதிக் கொடுத்திருந்த வாக்குமூலத்தில் "கதவு திறந்திருந்தது" என்று இருந்தது. அதை அவர் வாயால் சொன்னால் போதும். எனக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போனப்போ கதவு எப்படி இருந்துச்சு?" என்றார் தலைவர்.

வசூல்காரர் தண்ணீர் குடித்தார். பின்வரிசையில் இருந்த கேக்கம்மாவைப் பார்த்தார்.

"கதவு தெறந்துச்சுங்க ஐயா."

அதே நேரத்தில் ஓர் உறுப்பினர் தண்ணீர் பாட்டிலை மைக் பக்கத்தில் டொக்கென்று வைத்தார். தலைவரின் கண் கடிகாரத்தில் இருந்தது. "சரி, அடுத்தது." யாரும் துருவிக் கேட்கவில்லை. நான் 'திறந்தது' என்று எழுதினேன்.

சரிபார்க்க அனுப்பிய பிரதிக்கு நாலாம் நாள் நிறுவனத்திடமிருந்து திருத்தக் கடிதம் வந்தது. பக்கம் 41, வரி 12. 'திறந்தது' என்பதைத் 'திறந்திருந்தது' என்று மாற்றவும், தட்டச்சுப் பிழை. கீழே வசூல்காரரின் கையெழுத்து.

இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திறந்தது என்றால் அதுவரை மூடியிருந்தது; திறந்திருந்தது என்றால் அவர் போகும்போதே திறந்து கிடந்தது. நடுவில் மூன்றே எழுத்துதான் கூடுதல்: திருந். யார் யாரைத் திருந்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

எங்கள் மேலதிகாரி ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார். கதவு என்று வந்தது, டொக் என்று வந்தது, ஐயா என்று வந்தது.

"உனக்கு என்னம்மா கேட்டுச்சு?"

நான் வாயைத் திறக்கும் முன் அவரே சொன்னார்: "அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போற. எதுக்கு வம்பு?"

6.

அன்று மதியம் மாடிப்படியில் வசூல்காரர் எனக்காகக் காத்திருந்தார். கையில் டிபன் பாக்ஸ், திறக்கவில்லை.

"அக்கா, அந்தக் கடிதத்துல கையெழுத்து என்னோடதுதான். போடச் சொன்னாங்க, போட்டேன். ஆனா நீங்க மாத்தாதீங்க."

"நீங்களே வந்து சொல்லலாமே, தம்பி?"

"வேலை போயிடும்க்கா." படியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்பா, நான்தான்னேன். எல்லா வீட்லயும் அப்படித்தான் கூப்பிடுவோம், பழகிப் போச்சு. அந்தப் பெரியவர் கதவைத் தெறந்து என் கன்னத்தைப் பிடிச்சுப் பார்த்தாருக்கா. எளைச்சுட்டியேப்பான்னாரு." டிபன் பாக்ஸை மறு கைக்கு மாற்றினார். "நீங்க கேட்டீங்க இல்ல? நீங்க கேட்டதாவே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. தன் வாயில் நிற்காத சொல்லை என் மடியில் போட்டுவிட்டுப் போகிறாரே என்று. இறுதிப் பிரதியில் நான் போட்டது இது:

சாட்சி: கதவு (தெளிவாகக் கேட்கவில்லை), ஐயா.

குழுவின் அறிக்கை வந்தது. அந்த நுழைவு குறித்துப் பதிவில் தெளிவில்லாததால் கருத்துக் கூற இயலவில்லை என்று ஒரு வரி. சங்கத்தின் ஒத்துழைப்புக்கு நன்றி என்று ஒரு பத்தி.

7.

இந்தப் பகுதியை எழுதாமல் விடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன்.

கேக்கம்மா எங்கள் அலுவலக கவுன்டருக்கு வந்து அந்தப் பக்கத்தைக் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டே வந்து அடைப்புக்குறியில் நிறுத்தினார்.

"இது என்னங்க?"

"சரியா காதுல விழலைன்னு அர்த்தம்மா."

அவர் என்னைத் திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "கடைசி வரிசையில உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டுச்சே?"

அவமானமாக இருந்தது. இதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

8.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் வசூல்காரரே குழுவுக்கு முன்னால் வந்து... (வரமாட்டார். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. நானே வரவில்லை.)

இன்னொன்றில் வேனிலிருந்து அவனை இறக்குகிறார்கள். பெரியவர், "சொன்னேன் இல்ல, பையன் கொண்டுவந்துட்டான்" என்கிறார். (எழுதும்போதே அழுதேன். அதனாலேயே நம்பவில்லை.)

மூன்றாவதில் முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அடைப்புக்குறியைக் காலியாக வைத்து, நீங்களே நிரப்புங்கள் என்று. நாகரிகமான முடிவுதான். ஆனால் மாடிப்படியில் அவர் எனக்குச் செய்ததும் அதுதானே?

ஆகவே இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன். பதிவில் தவறு என்று தெரிந்தால், எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் ஒரு பிழைதிருத்தத் தாள் கொடுக்கலாம். கொடுத்தால் குழு மறுபடி விசாரிக்கலாம். அவன் திரும்பி வரலாம். வசூல்காரருக்கு வேலை போகலாம். முதலில் ஏன் மாற்றி எழுதினாய் என்று என்னைக் கேட்கலாம், ஓய்வூதியத்தில் கையும் வைக்கலாம்.

தாளை நிரப்பிவிட்டேன். பக்கம் 41, வரி 12, திறந்தது. காரணம் என்ற கட்டத்தில், "எனக்குக் கேட்டது." கையெழுத்து இடம் மட்டும் பாக்கி. அந்தத் தாள் மேசையின் வலப்பக்கம் இருக்கிறது. இந்தக் கதை இடப்பக்கம், பத்திரிகை ஆசிரியரின் முகவரி எழுதிய உறைக்குள்.

வீட்டுக்காரர் இரண்டையும் பார்த்துவிட்டு, "எதை முதல்ல அனுப்பப் போற?" என்று கேட்டார்.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.