பரிமளாவின் விமர்சனச் சீட்டு

உத்திரமேரூர் திரைப்படச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதிப் பேர் போட்டுக் கொடுக்க வேண்டும். தலைவர் தமிழ்வாணன் வாத்தியார் அத்தனையையும் மைக்கில் வாசிப்பார். தன்னையே திட்டி எழுதியிருந்தாலும் ஓர் எழுத்து மாற்ற மாட்டார் என்பதில் அவருக்கு ஏகப்பெருமை.

பரிமளா அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது ஜெர்மன் படத்துக்காக அல்ல, வாத்தியாருக்காக. அவள் புருஷன் சுக்தேவ் பீகாரிலிருந்து கல்குவாரி வேலைக்கு வந்து, இவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கியவன். முந்தின வருஷம் டீக்கடையில் அழுத குழந்தைக்கு பிஸ்கட் நீட்டினான். வடக்கத்திக்காரன், பிள்ளை பிடிக்க வந்திருக்கிறான் என்று எவனோ கத்தினான். அடித்தே கொன்றுவிட்டார்கள். பார்த்தவர்கள் முப்பது பேர் இருக்கும். கோர்ட்டில் ஏறியதும் அத்தனை பேருக்கும் கண் தெரியாமல் போய்விட்டது. மிச்சம் இருப்பது வாத்தியார் ஒருவர்தான். நாளைக்கு அவர் முறை. ஆனால் போனை எடுப்பதில்லை. வீட்டுக்கு எப்போது போனாலும் குளித்துக்கொண்டிருக்கிறார்.

வாசலிலேயே பிடித்துவிட்டாள்.

"சார், நாளைக்கு கேஸு கீது. நீங்க பாத்தத சொன்னா போதும்."

"மொதல்ல படத்த பாரும்மா. உன் கததான். அப்பறம் பேசிக்கலாம்."

அவள் கதைதான். வேற்று நாட்டுக்காரன் என்பதற்காகவே ஒருத்தியின் புருஷனை ரெண்டு பேர் கொல்கிறார்கள், கோர்ட்டு விட்டுவிடுகிறது, அவளே தேடிப்போய்ப் பழிவாங்குகிறாள். படத்துப் பெண் துப்பாக்கி எடுத்தபோது பரிமளாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கூண்டில் ஒரு சாட்சி, தான் எதையும் பார்க்கவில்லை என்று தலையைக் குனிந்தபோதுதான் வாத்தியார் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு விவாதம். பழிக்குப் பழி தப்பு என்றார் மருந்துக்கடை வேதகிரி. காலேஜில் பாடம் எடுக்கும் திவ்யா, "அந்தப் பொண்ணு அழவே இல்ல சார். துக்கம் நம்புற மாதிரி இல்ல" என்றாள். பரிமளா கடைசியாக எப்போது அழுதோம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

வாத்தியார் மைக்கை வாங்கினார். "படத்துல கொலகாரன் அந்த ரெண்டு பேரு இல்ல. வாய மூடிக்கினு நின்ன ஊருதான்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பரிமளாவுக்குச் சட்டென்று உயிர் வந்தது. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாரே, இனி எப்படி நழுவுவார்? சீட்டில் எழுதினாள்: 'சார், நாளைக்கு கோர்ட்டுக்கு வந்து நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். பரிமளா.' நாற்பது பேர் காதில் அவர் வாயாலேயே விழட்டும்.

சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒளிப்பதிவு அருமை. முடிவு சரியில்லை. மொழிபெயர்ப்பு சுமார். படத்துக்குத் தமிழில் வசனம் எழுதிப் போட்டதே வாத்தியார்தான், அதைக்கூட அப்படியே வாசித்தார், எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சீட்டைப் பிரித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பரிமளா எழுதிக்கிறாங்க," என்றார். "படம் என் மனசத் தொட்டது. சங்கத்துக்கு நன்றி."

சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மற்ற சீட்டெல்லாம் மேஜைமேல் கிடந்தன.

கூட்டம் கைதட்டியது. திவ்யா திரும்பி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் அதை எழுதவில்லை என்று சொல்லத்தான் பரிமளா எழுந்தாள். வாயும் திறந்தாள். நன்றி சொல்ல எழுந்திருக்கிறாள் என்று நினைத்து எல்லோரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.