பள்ளத்தில் நின்ற மரம்

ஊர் ராஜா ஆளனுப்பினால் துடுப்போடு போயே தீர வேண்டும்; கூலி கிடையாது. அப்படித்தான் அம்போன் தீவின் சிமாவ் அந்த வருஷம் ஒல்லாந்தரின் படகில் ஏறினான். தங்கள் காவலில் இல்லாத எந்தக் கரையிலும் கிராம்பு விளையக்கூடாது என்பது அவர்கள் கட்டளை. இறங்கிய இடத்திலெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்க்க வேண்டும். நான்காம் நாள் படகு ஒதுங்கிய கரையைப் பார்த்ததும் சிமாவ் துடுப்பு வலிப்பதை நிறுத்திவிட்டான். அவன் தங்கை நகுமா வாழ்க்கைப்பட்ட ஊர் அது.

மதியத்துக்குள் தோப்பு முழுவதும் சாய்ந்துவிட்டது. கோடாலியைத் தீட்டுகிற சாக்கில் அவன் குடிசைப் பக்கம் ஒதுங்கினான். நகுமா ஏழு வயது மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“அண்ணே, பின்னால பள்ளத்துல ஒண்ணு நிக்குது. இவ பொறந்த அன்னிக்கு நட்டது. அது சாஞ்சா இவளும் போயிருவா. அதை மட்டும் விட்ருங்கண்ணே.”

அவன் வாயைத் திறப்பதற்குள் படகில் வந்த ஒல்லாந்தச் சார்ஜெண்டு அங்கே வந்துவிட்டான்.

“அந்தப் பள்ளத்துல என்னடா?”

“வெறும் பாறைங்க, ஐயா.”

சார்ஜெண்டு மூக்கை உறிஞ்சினான். பள்ளத்திலிருந்து வீசிய காற்றில் கிராம்பு வாசனை இருந்தது. “தோமாஸ், நீயும் இவன்கூடப் போய்ப் பாரு.”

தோமாஸ் சிமாவோடு ஒரே படகில் துடுப்புப் போடுகிறவன். வாய் திறந்து பேசாத ஆள். கீழே இறங்கி, மொக்கு விட்டு நின்ற மரத்தைப் பார்த்ததும் கோடாலியை ஓங்கினான். சிமாவ் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம்டா. என் தங்கச்சி மக மரம்.”

“போன வருஷம் என் மக மரத்தை வெட்டினப்ப எவன்டா கையப் பிடிச்சான்? மழைக்கு முன்னாலயே புள்ளையப் புதைச்சேன்.”

மேலிருந்து சார்ஜெண்டு கத்தினான். “என்னடா, தூங்கிட்டீங்களா?”

தோமாஸ் கையை உதறிக்கொண்டு ஏறினான். சிமாவ் பின்னாலேயே ஏறினான். மேலே நகுமா மகளைத் தன் பின்னால் மறைத்தபடி நின்றாள்; சிறுமி எட்டித் தோமாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மரம் இருக்கா?” என்றான் சார்ஜெண்டு.

தோமாஸ் குனிந்து கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

“பாறையும் அட்டையுந்தான். நம்பலைன்னா நீங்களே எறங்கிப் பாருங்க.”

“வாசனை வருதேடா?”

“காலையிலருந்து வெட்டினதுல எங்க கையெல்லாம் நாறுது, ஐயா.” கையைச் சார்ஜெண்டின் முகத்துக்கு நேரே நீட்டினான். சார்ஜெண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு கரைப்பக்கம் திரும்பி நடந்தான்.

படகு நகர்ந்ததும் சிமாவ் தாழ்ந்த குரலில், “உன்னை மறக்க மாட்டேன்டா” என்றான்.

“உனக்காகச் செய்யல” என்றான் தோமாஸ். “அந்தப் புள்ள என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பேசாம துடுப்பைப் போடு.”