டப்பாவின் அடியில் ஒட்டிய சீட்டு

மருந்துக்கடைக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவளுக்கு மருந்தே ஒத்துக்கொள்ளாது என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் போங்கள். பதினோரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போய்விட்டது.

எனக்கு ஆகாதவை மூன்று: காயத்துக்குப் போடுகிற ஆன்டிபயாடிக் களிம்பு, பழுப்பு நிற அயோடின், ஒட்டுகிற பிளாஸ்திரி. களிம்பு பட்டால் இரண்டு நாளில் தோல் கொப்பளித்து நீர் வடியும். பிளாஸ்திரியை உரித்தால் அதன் அச்சு ஒரு வாரம் செக்கச்செவேல் என்று நிற்கும். எந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் கையில் கிடைப்பவையும் இந்த மூன்றுதான். என் நாத்தனார் எனக்கு 'அலர்ஜி அண்ணி' என்று பெயரே வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் பெயரெல்லாம் வைக்கவில்லை. "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு அந்தப் பெயரே தேவலை.

இது போதாதென்று நான் சைக்கிள் வேறு ஓட்டுகிறேன். கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை எனக்கு. நாளெல்லாம் கழுத்தை மடக்கி உட்கார்ந்திருப்பவளுக்கு சைக்கிளில் ஏறினால்தான் மூச்சே வரும். எங்கள் பகுதித் தபால்காரி சேர்த்த பெண்கள் குழுவில் ஆறு பேர் இருந்தோம். அந்தச் சனிக்கிழமை முதன்முதலாக நூறு கிலோமீட்டர் போவதாக ஏற்பாடு. ஆறு மாதமாக விடியற்காலையில் எழுந்து பழகியிருந்தேன். பள்ளிக்கூடத்தில்கூட எந்தப் போட்டியிலும் சேராதவள் நான். இதையாவது செய்துவிட வேண்டும் என்று வெறியாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது, குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு ஜல்லியை அப்படியே விட்டுப்போன திருப்பத்தில் சக்கரம் வழுக்கியது. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிராய்ப்பு, உள்ளங்கையிலும் கொஞ்சம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹேண்டில் கோணிக்கொண்டதால் சைக்கிளைப் பக்கத்து ரிப்பேர் கடையில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

சிராய்ப்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது எனக்கு அத்துப்படி. கையைக் குழாயடியில் காட்டி, பத்து நிமிஷம் எனக்குத் தெரிந்த அத்தனை வசவுகளையும் குழாய் பதித்தவர்களுக்கு அனுப்பினேன். வாசனையில்லாத சோப்பால் சுற்றிலும் கழுவினேன். சிக்கியிருந்த மண்ணை, கொதிக்க வைத்த இடுக்கியால் எடுத்தேன். இனி வெறும் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத வலைத்துணி வைத்து, மேலே துணிக்கட்டு சுற்றி முடிச்சுப் போட வேண்டியதுதான். சனிக்கிழமைக்குள் ஹேண்டிலைப் பிடிக்கிற அளவுக்கு ஆறிவிடும். ஆனால் ஜெல்லி டப்பாவை விரலால் வழித்தாலும் ஒன்றும் வரவில்லை.

"ஏங்க, ஜெல்லி தீர்ந்துபோச்சு. வரும்போது எடுத்துட்டு வர்றீங்களா?" என்று போனில் கேட்டேன்.

கொண்டுவந்தார். சின்ன வெள்ளை டப்பா. "பெரிய டின்லருந்து எடுத்துப் போட்டேன்" என்று சொல்லி, அவரே தடவிக் கட்டும் போட்டுவிட்டார். பதினோரு வருஷத்தில் காணாத கரிசனம். நானும் உருகிப்போனேன், ஏமாளி. மறுநாள் கட்டு மாற்றியதும் அவர்தான். நடுநடுவே கடையிலிருந்து போன்.

"அரிக்குதா?"

"இல்லையே."

"சிவந்திருக்கா?"

"இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு."

"பார்த்தியா!" என்றார். எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வியாழக்கிழமை காலை அரிப்பு தாங்காமல்தான் விழித்தேன். கட்டைப் பிரித்தால் முழங்கைவரை கொப்புளம், மஞ்சளாக நீர். விரல்களெல்லாம் வீங்கி, மடக்க முடியவில்லை. விஷயம் கேட்ட நாத்தனார் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "ஜெல்லியும் ஆகலையா? இனி தண்ணிதான் பாக்கி, அண்ணி!" வழக்கமாகத் தங்கையோடு சேர்ந்து சிரிக்கிற மனுஷன் அன்று ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

தோல் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா போட்டீங்க?"

"வெறும் ஜெல்லி, டாக்டர்."

"ஜெல்லி இப்படிப் பண்ணாது. அந்த டப்பா இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் திடீரென்று சுவரில் மாட்டியிருந்த தோலின் குறுக்குவெட்டுப் படத்தில் ஆழ்ந்துபோனார். டாக்டரம்மா டப்பாவை முகர்ந்தார், பிறகு தலைகீழாகத் திருப்பினார். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

என் வீட்டுக்காரரிடம் ஒரு ஒழுக்கம் உண்டு. சீட்டு ஒட்டாமல் எந்த மருந்தையும் டப்பாவில் போட மாட்டார். சமையலறை உப்பு ஜாடிக்கே தேதி ஒட்டிய ஆள். பெண்டாட்டியை ஏமாற்றும்போதுகூட அந்தக் கை சும்மா இருக்கவில்லை. முத்து முத்தான எழுத்தில், எனக்கு ஆகாத அந்த ஆன்டிபயாடிக் களிம்பின் பெயர், போட்ட தேதி, காலாவதியாகும் தேதி எல்லாம் எழுதியிருந்தார்.

"யார் எழுத்து இது?"

"என்னுதுதான்" என்றார் படத்தைப் பார்த்தபடியே. "தெரியாம போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அவளுக்கே புரிய வைக்கலாம்னு..."

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"மருந்துக்கடை."

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "அலர்ஜி ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிளம்பும்னு மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சைக்கிள் பத்து நாளைக்கு நினைக்கவே கூடாது."

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கை வலித்தது, ஆனால் அதற்காக இல்லை. சனிக்கிழமை போனது, அதற்காகக்கூட முழுசாக இல்லை. நான் வாயால் சொன்னதைப் பதினோரு வருஷம் நம்பாமல், கடைசியில் என் தோலிடம் போய்க் கேட்டிருக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கதவுக்கு வெளியே குரல் கேட்டது. "தப்புதான். ஆனா உன் நல்லதுக்குன்னு நினைச்சுத்தான்..."

"அந்த 'ஆனா'வை முழுங்கிட்டு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

செருப்புச் சத்தம் கூடத்துப் பக்கம் போனது.

சனிக்கிழமை காலை ஜன்னலுக்குக் கீழே ஐந்து சைக்கிள் மணிகள் சேர்ந்து ஒலித்தன. "அடுத்த தடவை உன்னைத் தூக்கிட்டாவது போவோம்!" என்று தபால்காரி கத்தினாள். இடது கையை ஆட்டினேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் தெருமுனையில் திரும்பும்வரை நின்றுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, பின்னால் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"சைக்கிள் ரெடியாம். நான் போய் எடுத்துட்டு வர்றேன்."

"தள்ளிட்டு வாங்க. திருப்பத்துல ஜல்லி அப்படியேதான் கிடக்கு."

"இன்னுமா கிடக்கும்? நீ ஒருத்தி, எல்லாத்தையும் பெருசு பண்ணிக்கிட்டு" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

அரை மணி நேரம் கழித்துத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். ஹேண்டில் மறுபடியும் கோணியிருந்தது. இரண்டு முழங்காலிலும் பேண்ட் கிழிந்து ரத்தம். நான் வாய்விட்டுச் சிரித்தேன், அடக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். ஊரைக் கூட்டினார்.

அலமாரியிலிருந்து புது டப்பா ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். அவருக்கு உலகத்தில் எந்த மருந்தும் எதுவும் செய்யாது. எதை வேண்டுமானாலும் அள்ளிப் பூசிக்கொள்கிற தோல். இருந்தும் டப்பாவை எடுத்து, மெதுவாகத் திருப்பி, அடியைப் பார்த்தார்.

சீட்டு இல்லை.

"இது என்ன?" என்றார்.

"ஜெல்லி."

"வெறும் ஜெல்லிதானே?"

"நான்தான் சொல்றேனே."

என் முகத்தையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பிறகு தலை குனிந்தார்.

"தப்புதான்" என்றார். இந்த முறை அதற்குப் பின்னால் எந்த 'ஆனா'வும் வரவில்லை.

நான் மூடியைத் திறந்தேன்.