பதினாறு எண்ணும் வரை

அவரை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர், வீட்டு வாசல் பலகை வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பதினைந்து வருஷம் ஐந்து பேர் குழுவில் ராக் பாடிய மனுஷன், இந்த வருஷம் "இனி நான் தனி" என்று கிளம்பிவிட்டார். முப்பது நாள், பன்னிரண்டு ஊர், கூடவே புதுசாகச் சேர்த்த வாத்தியக்காரர்கள். கிளம்பியதோடு விட்டாரா? பத்திரிகைக்காரர் லேசாக வாயைக் கிளறியதும், "இத்தனை வருஷம் முதுகுல மூட்டை சுமந்துகிட்டே பாடினேன், இப்ப இறக்கி வெச்சுட்டேன்" என்று ஒரு போடு போட்டார். அது கொட்டை எழுத்தில் வந்தது. அவரும் அதை வெட்டி எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது ஊரில் தொண்டை கைவிட்டது.

அவருடைய கடைசிப் பாட்டு எப்போதும் ஒன்றுதான். கதவைப் பற்றிய பாட்டு. முடிவில் "வா" என்று ஒரே சொல்லை உச்சியில் ஏற்றி, பதினாறு எண்ணும் வரை இறக்காமல் பிடிக்க வேண்டும். பாதிக் கூட்டம் அந்தப் பதினாறுக்காகத்தான் வரும். முதல் நாலு ஊரில் கழுத்து நரம்பு புடைக்க எப்படியோ இழுத்துப் பிடித்தார். சரியாக வரவில்லை என்று அவருக்கே தெரிந்தது. பழியைத் தூக்கி ஸ்பீக்கர் மேல் போட்டு, சவுண்டுக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஐந்தாவது ஊரில் ஆறு எண்ணும்போதே குரல் பழைய துணி மாதிரி கிழிந்துவிட்டது. சட்டென்று மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். கூட்டம் மிச்சத்தைப் பாடி முடித்தது. நம்மையும் பாட வைத்தாரே என்று அவர்களுக்கு ஒரே பூரிப்பு. இவருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

மறுநாள் தொண்டை டாக்டரம்மா மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தார்.

"வீங்கியிருக்கு. நாலு நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம்" என்றவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்ணு கேக்கணும். உங்க குரல் அவ்வளவு உயரத்துல நிக்கிற குரலே இல்லையே. பதினஞ்சு வருஷமா எப்படிப் பாடினீங்க?"

இடிக்குச் சுருக்கென்றது. இந்தம்மாவுக்கு என்ன தெரியும்? டாக்டரம்மா நீட்டிய சின்னச் சிலேட்டை வாங்கி, 'ஆதாரம் கொண்டுவருகிறேன்' என்று எழுதிக் காட்டினார். வீராப்பைப் பாருங்கள்.

நேரே சவுண்டுக்காரரின் அறைக்குப் போனார். பழைய குழுவுக்கும் அவர்தான் சவுண்டு. அந்தக் கச்சேரிகளெல்லாம் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தன. 'என் குரல் மட்டும் வேண்டும். கடைசிப் பாட்டு' என்று எழுதினார்.

சவுண்டுக்காரர் தயங்கினார். "எல்லாம் சேர்ந்து கேட்டாத்தான் சார் நல்லா இருக்கும்."

'மட்டும்' என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்தார் இடி.

சவுண்டுக்காரர் போட்டுவிட்டார். "வா" வந்தது. மூன்று எண்ணும் வரை இருந்தது, அப்புறம் ஒரு கரகரப்பு, பாதி காற்று, கொஞ்சம் இருமல். மைக் கெட்டுப்போயிருக்கும் என்று இடி வேறு ஊர்க் கச்சேரியைக் காட்டினார். அதிலும் அதே கரகரப்பு. அதற்கு முந்தைய வருஷம். அதிலும் அதே. சவுண்டுக்காரர் இன்னொரு மைக்கைத் திறந்துவிட்டார். டிரம்ஸுக்குப் பின்னால், இருட்டில் நிற்கிற மைக். அதிலிருந்து அந்த "வா" பிசிறில்லாமல், பதினாறு வரைக்கும் ஏறி நின்றது.

அந்த மைக் கம்பத்தினுடையது. கம்பம் என்றால் இடியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி, குழுவில் பேஸ் கிடார் வாசித்தவன். மேடையில் நட்டுவைத்த மாதிரி அசையாமல் நிற்பான், அதனால் அந்தப் பெயர். தனியாகப் போகிறேன் என்று இடி சொன்னபோது, "சரி அத்தான்" என்று ஒரே வார்த்தையில் விலகியவன். இப்போது ஸ்பீக்கர் பழுது பார்க்கிற கடையில் இருக்கிறான்.

இடிக்கு ஞாபகம் வந்தது. முதல் வருஷமே ஒரு முறை அவருக்குச் சளி. "மேல கொஞ்சம் கை கொடுடா" என்று கேட்டிருந்தார். சளி போய்விட்டது. கொடுத்த கையை அவன் எடுக்கவே இல்லை. இரண்டு குரலும் ஒன்றாகக் கலந்து காலடி ஸ்பீக்கரில் கேட்கும்போது, எல்லாம் தன்னுடையதுதான் என்று இவர் நம்பிவிட்டார். பொய் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. நம்பியல்லவா தொலைத்திருக்கிறார்! நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வெட்கமாக இருந்தது அவருக்கு.

விடுதிக்கு வந்து மனைவியின் முன்னால் சிலேட்டை நீட்டினார். 'உனக்குத் தெரியுமா?'

அவள் அவருடைய மேடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "என் தம்பி குரல் எனக்குத் தெரியாதா?"

'ஏன் சொல்லவில்லை?'

"அவன்தான் சொல்லாதேக்கான்னான். மேடையை விட்டு இறங்கி வர்றப்ப அத்தான் முகத்தைப் பாரு, அதைக் கெடுக்காதேன்னான். நானும் வாயை மூடிக்கிட்டேன். அந்தப் பேப்பர்ல மூட்டைன்னு போட்டீங்களே, அன்னிக்கு மட்டும் சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு."

அவர் அழித்துவிட்டு எழுதினார். 'அவனை வரச் சொல்.'

"நான் கூப்பிட மாட்டேன். நீங்களே கூப்பிடுங்க. பேச முடியாதுன்னா எழுதுங்க, கைக்கு என்ன வீக்கமா?"

ஃபோனில் எழுதினார், அழித்தார், எழுதினார். கடைசியில் போனது இவ்வளவுதான்: 'வர முடியுமா? அந்த ஒரு இடத்துக்கு மட்டும்.' மன்னிப்பு என்ற சொல்லை அடித்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். வரேன் அத்தான் என்று உடனே பதில் வந்தது.

ஆறாவது ஊர்க் கச்சேரியன்று நாலு நாளும் முடிந்திருந்தது. டாக்டரம்மாவும் ஃபோனில் கேட்டுப் பார்த்து, பேசலாம், பாடலாம், உச்சிக்கு மட்டும் போகாதீங்க என்றுவிட்டார். காலையில் அரங்கத்துக்குப் போன இடி, விளக்கு சரியில்லை என்று இரண்டு பேரைப் பிடித்துச் சத்தம் போட்டார். குரல் கணீரென்று இருந்தது. சந்தோஷத்தில் மூன்றாவதாக ஒருவரையும் திட்டினார்.

மதியம் ஒப்பனை அறைக் கதவு தட்டப்பட்டது. தோளில் கிடார் பையோடு கம்பம் நின்றான். காதோரம் நரைத்திருந்தது.

"எப்படி இருக்கீங்க அத்தான்?"

இடி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டு தொண்டையைத் தொட்டுக் காட்டி, சிலேட்டை எடுத்தார். 'டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார்.'

"அப்படியா." கம்பம் உட்கார்ந்தான். "நீங்க பேச வேணாம், நானே கேக்கறேன். மூட்டைன்னு சொன்னீங்களே அத்தான், அது நானா?"

இடியின் கை சிலேட்டின் மேல் நின்றது. எழுதவில்லை.

"கோபமா கேக்கலை. தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்." எழுந்து பையை மாட்டிக்கொண்டான். கதவுவரை போனவன் திரும்பினான். "ஒண்ணு அத்தான். நான் காலையிலேயே வந்துட்டேன். வாசல்ல கேபிள் இறக்கிட்டிருந்தாங்க, நானும் ஒரு கை பிடிச்சேன். நீங்க விளக்குக்காரரைத் திட்டினது அங்க வரைக்கும் கேட்டுச்சு. குரல் நல்லா இருக்கு."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. இடி சிலேட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடி வேறு. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஐம்பது வயதில், பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பையன் மாதிரி, சே!

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. கடைசிப் பாட்டு வந்தது. "வா" என்று இடி தொடங்க, டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கம்பத்தின் குரல் ஏறிப் பதினாறு வரை நின்றது. கூட்டம் கூரை அதிரக் கத்தியது. இடியின் வலது கை பழக்கத்தில் தானாக மேலே போனது, கைதட்டலை வாங்கிக்கொள்ள. பாதியில் அதை இறக்கிவிட்டார்.

வாத்தியக்காரர்களை அறிமுகப்படுத்துகிற நேரம். டிரம்ஸ், கீபோர்டு, கிடார் என்று வரிசையாகச் சொன்னவர் நிறுத்தினார்.

"பின்னால நிக்கிறது என் மச்சான். இப்ப நீங்க கேட்ட அந்த உச்சிக் குரல் அவனோடது. பதினஞ்சு வருஷமா அவனோடதுதான். என்னுது இல்லை."

கூட்டம் ஓவென்று சிரித்துக் கைதட்டியது. "எவ்வளவு பெரிய மனசு!" என்று முன்வரிசை அம்மா ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேடைக்கே கேட்டது. "இல்லைங்க, நிஜமா" என்றார் இடி. இன்னும் சிரித்தார்கள். அவருடைய பெயரை ஒரே குரலில் சொல்லத் தொடங்கினார்கள். உண்மையைச் சொன்னதற்கும் மாலையா? கூனிக் குறுகிப் போனார்.

திரும்பிப் பார்த்தார். கம்பம் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"இன்னொரு தடவை வாசிங்க" என்றார் வாத்தியக்காரர்களிடம். பிறகு மைக்கைத் தாழ்த்தி, "நீ பாடாதேடா" என்றார்.

திரை ஓரத்தில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். இன்னும் ஆறு ஊர் பாக்கி இருப்பதும் தெரியும்.

இடி "வா" என்று ஏறினார். மூன்றில் பிசிறியது, நாலில் கிழிந்தது. மைக்கை அவர் கூட்டத்தின் பக்கம் நீட்டவில்லை. வாயோடு வைத்துக்கொண்டு, கரகரவென்று, கண்ணில் தண்ணீர் வழிய, பதினாறு வரைக்கும் அந்த அசிங்கத்தை எல்லோரும் கேட்கும்படி இழுத்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ "ஐயோ" என்றார்கள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசை அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

விரலை நீட்டிப் பின்னால் காட்டினார் இடி. கம்பம் மறுபடியும் வேண்டாமென்று தலையாட்டினான். பிறகு வேறு வழியில்லாமல், தனியாக அதைப் பாடினான். விளக்குக்காரர், காலையில் திட்டு வாங்கிய அதே ஆள், வெளிச்சத்தை நகர்த்தி அவன் மேல் கொண்டுபோய் வைத்தார். அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. இடி இருட்டில் நின்றார்.

திரை விழுந்ததும் கம்பம் தண்ணீர் பாட்டிலோடு வந்தான்.

"பதினாறு வரைக்கும் இழுத்திருக்க வேணாம் அத்தான். நாலுலயே அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்."

இடி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானமே சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்லிவிட வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார், அதுவும் இல்லை. சிலேட்டைத் தேடிப் பையைத் தடவினார். அது ஒப்பனை அறை மேஜையில் கிடந்தது.

"பேச முடியலையா?" என்றான் கம்பம்.

இடி ஆமாம் என்று தலையாட்டினார். இந்தத் தடவை அவன் நம்ப வேண்டுமே என்று இருந்தது அவருக்கு.