ஜனவரி இரண்டாம் திகதி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்து எடுத்து வந்தேன். களவெடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் வெட்கமில்லை.

போன மாதம் அங்கே ஒரு கலியாணம். பொம்பிளை மண்டபத்துக்குள் வரும் நேரம், என் பக்கத்தில் நின்ற உயரமான வயோதிபர் சட்டென்று விலகித் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். தலைச்சுற்றாக்கும் என்று நானும் பின்னால் போனேன்.

"ஒண்டுமில்லைத் தம்பி. பொம்பிளை வாற நேரம் என்ரை முகம் முன்னுக்கு வேண்டாம் எண்டுதான்" என்றார். ஏதோ வெயிலுக்கு ஒதுங்கியவர் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

தாலி கட்டும்வரை அங்கேயே நின்று கதைத்தோம். பாதிக் கதைதான் கிடைத்தது. மிச்சத்தைச் சனிக்கிழமை பின்னேரம் நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்வதாக வாக்குத் தந்திருக்கிறார். அதுவரைக்கும் பொறுக்க என்னால் முடியவில்லை. அவருக்குச் சச்சிதானந்தன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "1975ஆம் ஆண்டு மார்கழி மாதம். கில்மோரிக் கரையில் அலைகள் ஓயாமல்—"

"உந்த அலையை ஒருக்கா விடுங்கோவன் அப்பா. ஆள் எங்கை?" என்றாள் பவளம். (பவளம் என் மனைவி. நான் எழுதுவதைக் குசினியில் நின்றபடி வாசித்துக் குறை சொல்வது அவள்தான். சனிக்கிழமை காலை எங்கள் மகனுக்குப் பெண் கேட்டுப் போகிறோம். அதற்குச் சீலை தெரிவு செய்யும் அவதியிலும் இதற்கு அவளுக்கு நேரம் இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "சச்சிதானந்தன் வீட்டுக் கதவை ஒருவரும் தட்டியதில்லை." இது இருக்கட்டும்.

கில்மோரியை வரைபடத்தில் தேடாதீர்கள், பெயரை மாற்றியிருக்கிறேன். விக்டோரியா மாநிலத்தின் கிழக்குக் கரையில் ஒரு நாட்டுப்புறம். ஸ்கொட்லாந்துத் தீவுகளில் நிலச்சொந்தக்காரர்கள் செம்மறி வளர்ப்பதற்காகக் குடியெழுப்பித் துரத்திய சனங்கள் கப்பலேறி வந்து இறங்கிய இடம். கேற்றுக்குக் கேற்று மக்கின்னன், மக்லியோட் என்றுதான் பெயர்ப்பலகை. பழைய கல்லறைகளில் அவர்களுடைய கேலிக் மொழி எழுத்து. அந்த மொழி பேரப்பிள்ளைகளிடம் அநேகமாகப் போய்விட்டது. சாப்பாட்டுக்கு முந்திய சின்ன ஜெபமும், நாயை அதட்டும் சில சொற்களும்தான் மிச்சம். வெள்ளி பின்னேரம் மண்டபத்தில் பைப் வாத்தியம் பழகுவார்கள். அது ஊரெல்லாம் கேட்கும்.

அந்த ஊரின் பாலங்களையும் வாய்க்கால்களையும் பார்க்கும் எஞ்சினியராகப் போனவர் சச்சிதானந்தன். சனம் நல்ல சனம். "குட் டே" சொல்லும், மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும், தன் பாட்டில் போய்விடும். அவர் வீட்டுக்கு இரண்டு கதிரை வாங்கியிருந்தார். ஒன்று புதுசாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் மறந்து போகாமலிருக்க ரேடியோவுக்குப் பதில் சொல்லுவாராம். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் இன்னும் தனிமை. கட்டிய பெண் நாகேஸ்வரி ஆண்டு திரும்ப முன்னம் காய்ச்சலில் போய்விட்டாள். பிறகு இன்னொரு சம்பந்தம் பேசினார்கள். அந்தப் பெண்ணின் தகப்பன் அதே கிழமை மாரடைப்பில் விழுந்தார். போதாதா? "ராசியில்லாதவன், முழுவியளத்துக்கு ஆகாதவன்" என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

(முழுவியளம் என்பதை அறியாதவர்களுக்கு: ஒரு காரியத்துக்கு வெளிக்கிடும்போது எதிரே முதலில் வரும் முகம். அது நல்ல முகமாக இருந்தால் காரியம் பலிக்கும் என்பது நம்பிக்கை.)

ஒருவரும் முகத்துக்கு நேரே ஏசவில்லை. அவர் ஒழுங்கையில் வந்தால் பக்கத்து வீட்டார் படலைக்குள் நின்று, அவர் போய் மறைந்த பிறகுதான் வெளிக்கிடுவார்கள். சொந்தத் தங்கச்சியின் கலியாணத்தன்று, "அண்ணை, நீங்கள் தாலி கட்டினாப் பிறகு வாங்கோ" என்று தங்கச்சியே சொன்னாள்.

பவளம் இதை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "சீ! என்ன சனமப்பா எங்கடை சனம்? ஒரு மனிசனை இப்பிடியே செய்யிறது?"

4

மார்கழிக் கடைசியில், புது வருசத்துக்குச் சில நாள் முன்னம், ஐனா மக்கின்னன் வந்தாள். அடுத்த வீட்டுக்காரி, மேசையடித்துப் பேசுகிற பெரிய உடம்புக்காரி. அன்றுதான் அந்தக் கதவு முதன்முதலாகத் தட்டப்பட்டது.

"எங்களுக்கு நீங்கள் ஒரு உதவி செய்யவேண்டும்" என்றாள். "புது வருசம் பிறந்ததும் வாசற்படியை முதலில் மிதிப்பது கறுத்த முடியுள்ள உயரமான ஆணாக இருக்கவேண்டும். எங்கள் பாட்டன்மார் தீவிலிருந்து கொண்டுவந்த வழக்கம். எங்கள் ஆண்களைப் பாருங்கள், எல்லாம் செம்பட்டை, இல்லாவிட்டால் மொட்டை. கடவுளே உங்களை அனுப்பியிருக்கிறார்."

அவர் என்ன பதில் சொன்னார்? நான் முதலில் எழுதியது: "சச்சிதானந்தன் தன் ராசியைப் பற்றி எல்லாவற்றையும் ஒளிக்காமல் அவளிடம்—" வெட்டிவிட்டேன். அந்த ஆளை அவ்வளவு உத்தமனாக நான் ஆக்கக்கூடாது. தூணுக்குப் பின்னால் அவர் சொன்னது இதுதான்: "சொல்லேல்லைத் தம்பி. சொன்னா வேண்டாமெண்டிடுவினம் எண்டு பயம். என்னை ஆரும் கூப்பிட்டு எவ்வளவு காலம்!"

5

வழக்கப்படி கையில் ஒரு நிலக்கரித் துண்டு கொண்டுபோக வேண்டும், அடுப்புக்கு. இந்த நாட்டு ஜனவரிக் கோடை வெயிலில் எந்த மடையன் அடுப்பு மூட்டுவான்? ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். நியூஸ்பேப்பரில் சுற்றிய கரிக்கட்டியோடு, கோட் சூட்டில், வியர்க்க வியர்க்க வீடு வீடாகப் போனார் சச்சிதானந்தன். நள்ளிரவில் ஐனா வீட்டில் தொடங்கியது, விடிந்தும் முடியவில்லை.

அவர் உள்ளே வந்து, குளிர்ந்து கிடக்கும் அடுப்பில் கரியை வைக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வைத்ததும் கட்டிப்பிடிப்பார்கள். கிழவிகள் கன்னத்தில் கொஞ்சுவார்கள். கேக், விஸ்கி, கைதட்டல். கடைசித் தெருவில் மாடு கறக்கப் போகவேண்டிய மனிதர்கள்கூட அவர் வரட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் அவர் போகும்வரை உள்ளே நின்றார்கள். இங்கே அவர் வரும்வரை உள்ளே நின்றார்கள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே குமுறி அழுதாராம். சந்தோசத்தில்தான்.

6

அடுத்த நாள், ஜனவரி இரண்டாம் திகதி, ஒருவரும் வரவில்லை. பால்காரன் "குட் டே" சொன்னான், வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான், போய்விட்டான். அப்போதுதான் அந்தப் பயம் பிடித்தது. கூப்பிட்டது என்னையா, என் தலைமுடியையா?

அறிய ஒரு வழிதான் இருந்தது. உழுந்து ஊறப்போட்டு வடை சுட்டார். தட்டைத் துணியால் மூடிக்கொண்டு, கரிக்கட்டி இல்லாமல், ஒருவரும் கூப்பிடாமல், ஐனா வீட்டுக்குப் போனார். உள்ளே பெரிய சிரிப்பும் பேச்சும் கதையும். தட்டினார்.

"உள்ளுக்குக் கதை நிண்டிட்டுது தம்பி" என்றார்.

அவர் சொல்லிக்கொண்டு வந்த அந்த இடத்தில், கோயிலில் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. அவர் தூணுக்குப் பின்னால் நின்றபடியே அட்சதையை எறிந்தார். அது மணமக்கள்வரை போகவில்லை. சனம் தள்ளிக்கொண்டு வர, நான் அவரைத் தவறவிட்டேன். பிறகு டெலிபோனில் தேடிப் பிடித்துத்தான் அந்தச் சனிக்கிழமை வாக்கை வாங்கினேன்.

முடிவு அ: ஐனா கதவை அரைவாசி திறந்து, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டு, வாசலிலேயே தட்டை வாங்கிக்கொள்கிறாள். இரண்டு நாளில் தட்டு கழுவித் திரும்பி வருகிறது, நன்றியோடு. பிறகு அடுத்த மார்கழிவரை ஒன்றுமில்லை.

முடிவு ஆ: "இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஒரு கதிரையை—

"இதுதான் முடிவு. இதையே போடுங்கோ" என்றாள் பவளம்.

"நடந்தது தெரியாமல் எப்பிடிப் போடுறது?"

"தெரியாட்டி என்ன? வாசல்லை வந்து நிக்கிற மனிசனை ஆரும் உள்ளுக்கு விடாமல் இருப்பினமே?"

7

இன்று சனிக்கிழமை, காலை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடிக்கிறது.

ஜன்னலால் பார்த்தேன். பின்னேரம் வருவதாகச் சொன்னவர் காலையிலேயே வந்து நிற்கிறார். கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய ஏதோ.

நடுவீட்டில் பவளம் தாம்பாளமும் கையுமாக நிற்கிறாள். பூ, பழம், வெற்றிலை எல்லாம் எடுத்தாயிற்று. மகனுக்கு முப்பத்தாறு வயது. இதற்கு முன் பேசிய சம்பந்தங்கள் எல்லாம் குழம்பிவிட்டன.

"ஆரப்பா?"

"அவர்தான். சச்சிதானந்தன்."

பவளத்தின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் பொறுங்கோ. திறக்காதேங்கோ. நாங்கள் பின்பக்கத்தாலை வெளிக்கிடுவம். பாவம்தான், எனக்குத் தெரியாதே? எண்டாலும் பிள்ளையின்ரை காரியமப்பா."

எங்கள் வீட்டில் கதை நின்றுவிட்டது. வெளியே நிற்பவருக்கு அது கேட்டிருக்கும். கேட்டுப் பழகிய காது அது.

கில்மோரியில் கதவு திறந்ததா என்று இனி அவரிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு எழும்பலாம் என்று இருக்கிறேன். எழுதுகிறவனுக்கு இது நல்ல சாட்டு, குனிந்த தலை நிமிரத் தேவையில்லை.

வாசிக்கிற நீங்கள்தான் கதவுக்குக் கிட்ட நிற்கிறீர்கள். மணி இரண்டாம் தரமும் அடித்துவிட்டது.