ஜலஜா தூங்குகிறாள்

சங்கீத உற்சவத்துக்கு வருகிறவர்கள் மைதானத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கிவிடலாம் என்று யோசனை சொன்னது பத்ரிநாராயணன். யோசனை சொல்கிறவர்கள் கூடாரத்தில் படுப்பதில்லை. கமிட்டிக்காரர் என்ற முறையில் அவர் மேடைக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட அறையில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். அவர் மனைவி பட்டுவும் பெண் ஜலஜாவும் பட்டாளத்தார் இரவல் கொடுத்த கான்வாஸ் கூடாரத்துக்குள் இரண்டு ராத்திரியாகக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார்கள்.

யோசனையிலும் நியாயம் இல்லாமலில்லை. கச்சேரி முடிந்தபின் மைதானம் இருக்கிற லோத்குண்டாவிலிருந்து வீடு இருக்கிற மெட்டுகுடாவுக்குப் போக பஸ் ஏது? விடிவதற்குள் பஜனைக்கு வேறு திரும்பி வரவேண்டும். ஆனால் கமிட்டியில் ஒருவருக்காவது தூக்கம் என்ற ஒன்று ஞாபகம் வந்திருக்கலாம். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் குறட்டை, மேடைப் பக்கம் பெஞ்சு இழுக்கிற சத்தம். ஜலஜாவோ எறும்பு ஊர்ந்தால் எழுந்துவிடுகிற பெண். முதல் நாள் ராத்திரி எங்கோ ஒரு டம்ளர் விழுந்தது. அத்தோடு அவள் தூக்கம் போயிற்று. மறுநாள் யாரோ தீக்குச்சி கிழித்ததற்கு எழுந்து உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் பெரிய வித்வான் மேடை ஏறுவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஜலஜாவின் கச்சேரி. பத்தொன்பது வயதில் அவளுக்கு முதல் மேடை. பட்டுவுக்கு அது அதற்கும் மேலே. தான் பாட ஆசைப்பட்டு, பிறந்த வீட்டில் வாயை மூடு என்று அடக்கிவிட்டதால், அந்த ஆசை முழுவதையும் பெண்ணின் தொண்டையில் கொண்டுபோய் வைத்திருந்தாள். காலையில் சாதகம் செய்யும்போது மேல் ஷட்ஜத்தில் அந்தத் தொண்டை இரண்டாகப் பிளந்தது.

“ஒரு ரெண்டு மணி தூங்கினா சரியாப் போயிடும்மா” என்றாள் ஜலஜா, கண் இரண்டும் சிவந்து. “தூங்க விட்டாத்தானே.”

“நீ தூங்கறே. எவன் வந்து எழுப்பறான்னு நான் பாக்கறேன்.”

தூக்கம் வரவழைக்க எண்ணெய்க் குளியலைவிட வேறென்ன இருக்கிறது? பக்கத்துக் கூடாரத்தில் கைக்குழந்தையோடு கனகவல்லி இருந்தாள். அவள் புருஷன் குணசேகரன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை; பஜனைக்கு டோலக் வாசிக்க வந்தவன். கனகவல்லியின் கரியடுப்பில் வெந்நீர் போட்டு, பெண்ணுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினாள் பட்டு.

“எண்ணெ தேச்ச அன்னிக்குப் பகல்ல தூங்கக் கூடாதும்பாங்களே மாமி?” என்றாள் கனகவல்லி.

“ராத்திரி தூங்க விட்டா பகல்ல ஏன் தூங்கறா? போடி, ரெண்டு கரி எடுத்துக் கொடு, சாம்பிராணி போடணும்.”

அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. தை மாசத்துக் குளிர், போதாததற்கு மழை. பாடப்போகிற பெண்ணின் ஈரத்தலையில் காற்றுப் பட்டால் என்ன ஆவது? ஜலஜாவைக் கட்டிலில் படுக்கவைத்து, தலைமாட்டில் கங்கு போட்ட கும்மட்டி அடுப்பை வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலை விரித்துப் போட்டாள். கூடாரம் கதகதப்பாக இருக்கட்டும் என்று இன்னும் ஒரு கை கரியை அள்ளிப் போட்டாள். வெளியே வந்து, வாசல் துணியை இழுத்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கயிறாக முடிச்சுப் போட்டாள். ஓரங்களில் காற்று நுழையாமல் மண்ணைக் காலால் தள்ளி அணைத்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவர் சொந்தப் புருஷன்தான்.

“ஜலஜாவை மைக் பாக்கக் கூப்பிடறா.”

“மைக்கை நீங்களே பாத்துக்கோங்கோ. அவ தூங்கறா.”

“ரெண்டு நிமிஷம்...”

“ஏன்னா, நீங்களா போறேளா, நான் சத்தம் போடட்டுமா?”

சத்தம் போட்டால் பெண் விழித்துக்கொள்வாளே என்ற யோசனை இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. பத்ரிநாராயணன் போய்விட்டார்.

அடுத்து செயலாளர் சாரங்கபாணி, என்ன பாட்டு என்று கேட்டு வந்தார். அவரைக் கையாலேயே திருப்பி அனுப்பினாள். ஜலஜா பாப்பாவுக்கு மிளகு போட்டுப் பால் காய்ச்சினேன் என்று கனகவல்லி வந்தாள். அவளுக்கும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். யார் வந்தாலும் திரும்பிப் போனார்கள். பட்டுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நடுவில் ஒருமுறை மனசு கேட்காமல் நடு முடிச்சை மட்டும் தளர்த்தி எட்டிப் பார்த்தாள். சாம்பிராணி வாசனை கம்மென்று அடித்தது. ஜலஜா அசையாமல் கிடந்தாள். கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்தன. இரண்டு நாளாக வெளிறிக் கிடந்த முகத்தில் என்ன களை வந்துவிட்டது! தன் கண்ணே பட்டுவிடும் என்று முடிச்சை மறுபடி இறுக்கினாள். தலை லேசாகக் கிறுகிறுத்தது. இரண்டு நாள் தூங்காத பலன் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மைக் செட்காரன் வேலையைக் காட்டினான். கூடாரத்துக்கு மேலேயே, வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி திடீரென்று கிறீச்சிட்டு அலறியது. மைதானத்து நாய்கள் ஓடின. கனகவல்லியின் கைக்குழந்தை வீறிட்டது. பட்டுவே குடையைக் கீழே போட்டுவிட்டாள். “படுபாவி!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து “என்னம்மா இது?” என்ற சிடுசிடுப்பு வரப்போகிறதென்று காத்திருந்தாள்.

வரவில்லை. கட்டில் கிறீச்சென்றுகூடச் சொல்லவில்லை.

“அடி என் சமத்தே” என்று குடையை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக மறுபடி உட்கார்ந்தாள். ஒலிபெருக்கி இன்னொரு தடவை அலறியது. உள்ளே அப்போதும் சத்தமில்லை. பட்டுவின் கை குடைக்காம்பிலேயே நின்றது. தீக்குச்சி கிழித்ததற்கு எழுந்தவள் இதற்கு எப்படித் தூங்குகிறாள்?

“ஜலஜா” என்று மெல்லக் கூப்பிட்டாள். அந்த நிமிஷத்திலும் எழுப்பிவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. “ஜலஜா... அடியே ஜலஜா!”

முடிச்சுக்கு ஓடினாள். மழையில் ஊறி, கயிறு எல்லாம் இரும்பாக இறுகிக் கிடந்தது. அவளே போட்ட முடிச்சு. நகம் பிய்ந்தது, முடிச்சு அசையவில்லை. “கனகவல்லி!” என்று அவள் போட்ட கூச்சலில் மைக் செட்காரனே செட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். கனகவல்லி என்ன ஏது என்று கேட்கவில்லை. கையிலிருந்த அரிவாள்மணையோடு ஓடிவந்து, துணியை மேலிருந்து கீழாகக் கிழித்தாள்.

உள்ளிருந்து உஷ்ணம் முகத்தில் அடித்தது. இரண்டு பேருமாக ஜலஜாவின் கையைப் பிடித்து இழுத்தார்கள். கூடை உருண்டது, கங்குகள் சிதறின. பனி படக் கூடாது என்று ஒரு மாசமாக மப்ளரில் சுற்றி வைத்திருந்த பெண்ணை மழையில், சேற்றில், வானத்தைப் பார்க்கக் கிடத்தினார்கள். பட்டு கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். மூக்கில் விரலை வைத்தால் மூச்சு நூலாக வந்தது. “கரி மாமி, அந்தக் கரிப்புகை” என்று கனகவல்லி அழுதாள். பட்டுவுக்கு அது ஏற்கெனவே தெரிந்துபோயிருந்தது. என் கையாலேயே, என் கையாலேயே என்று அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மழையா, அறையா, எது எழுப்பியதோ, ஜலஜா உடம்பை முறுக்கி வாந்தி எடுத்தாள். கண் பாதி திறந்தது.

கூடாரத்தை மேற்பார்வை பார்க்க வந்திருந்த ஹவில்தார் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். பத்ரிநாராயணன் வேட்டியைத் தடுக்கிக்கொண்டு ஓடிவந்து முன்னால் ஏறினார். சாரங்கபாணி, “அப்போ சாயங்காலம் அந்த அரை மணி...” என்று ஆரம்பித்து, பட்டுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“சோனே மத் தேனா, மாஜி” என்றார் ஹவில்தார், ஜீப்பைக் கிளப்பிக்கொண்டே. தூங்க விடாதீர்கள் அம்மா.

ஜீப் திருமுல்கேரி ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பறந்தது. திறந்த பக்கங்களில் குளிர்காற்று வீசியது. பட்டுவின் மடியில் கிடந்த ஜலஜா முனகினாள்.

“அம்மா... தூக்கமா வரது. கொஞ்ச நாழி தூங்கறேனே.”

“தூங்காதேடி! கண்ணைத் திற. பாடு!”

“தலை வலிக்கறதும்மா... தொண்டை...”

“தொண்டை எக்கேடு கெட்டுப் போகட்டும். பாடு. சரளி வரிசை பாடு. ஸ ரி க ம...”

ஜலஜாவின் உதடு அசைந்தது. வந்தது குரலே இல்லை, வெறும் காற்று. பாதியில் இமை சரிந்தது. பட்டு தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் தொடையிலேயே தாளம் போட்டு, தானே உரக்க ஆரம்பித்தாள். பிறந்த வீட்டில் அடக்கிவைத்த குரல், பயத்தில் நடுங்கி, சுருதி எங்கோ, தான் எங்கோ என்று ஜீப் முழுவதும் கத்தியது. சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். முன்னால் பத்ரிநாராயணன் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பெண் தூங்கிவிடுவாள்.

ஜலஜாவின் புருவம் சுருங்கியது. கண்ணைத் திறந்து, வலியோடு அம்மாவைப் பார்த்தாள்.

“மத்யமம் தப்பும்மா” என்றாள். “அபஸ்வரமா இருக்கு.”

“ஆமாண்டி, தப்புதான்” என்று பட்டு ஓவென்று அழுதாள். “இன்னும் சொல்லு. எங்கெங்கே தப்புன்னு சொல்லிண்டே வா.”